ஒன்பதாம் அத்தியாயம்: ஸ்டீரிங் கோளாறும் நான்கு சக்கரங்களும்

பழைய மோட்டார் வண்டியைப் பிரியத்தோடு வைத்துக் காப்பாற்றி வருகிறவர்கள் என்னிடம் வந்து முறையிடும் குறைகளில் ஸ்டீரிங்கைப் பற்றிய குறையே மற்றவற்றைவிட அதிகமாக இருப்பதையும், அந்தக் குறைக்கு அவர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கும் வைத்தியம் பெரும்பாலும் நோயில்லாத இடத்திலேயே செய்யப்பட்டிருப்பதையும் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். "வண்டி இடது பக்கமே இழுக்கிறது" என்பார் ஒருவர். "லஸ் முனையில் திருப்பினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதில்லை" என்பார் இன்னொருவர். "அறுபதைத் தொட்டால் கை நடுங்குகிறது" என்பார் மூன்றாமவர். மூவருமே டை ராட் எண்டுகளை மாற்றியிருப்பார்கள். வீல் அலைன்மென்ட்டை இரண்டு முறை செய்து அதற்கான சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஸ்டீரிங் பெட்டியையும் ஒருமுறை திறந்து மூடியிருப்பார்கள். பின்சக்கரங்களை மட்டும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கபாலீசுவரர் தேர் மூலை திரும்புவதை நின்று கவனித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னே இழுக்கிறார்கள். ஆனால் அத்தனை பெரிய தேரின் போக்கு, முட்டுக்கட்டை போடும் ஆட்கள் எந்தச் சக்கரத்துக்கு எந்த வேளையில் கட்டை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. மோட்டார் வண்டியும் அப்படித்தான். முன்சக்கரங்களை நாம் திருப்புகிறோம். பின்சக்கரங்கள் தாமாகத் திரும்பக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் காத்து நிற்பவை சில ரப்பர் புஷ்களும் சில போல்ட்டுகளுமேயாதலால், அவை தேய்ந்தோ தளர்ந்தோ போன நாளிலிருந்து பின்சக்கரங்களும் நம் அனுமதியின்றி வண்டியைத் திருப்பத் தொடங்கிவிடுகின்றன. அதன் பிறகு முன்பக்கத்தில் எத்தனை ரூபாய் செலவழித்தாலும் குறை தீராது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடமுள்ள ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சற்றே வலப்பக்கமும், காலை எடுத்தால் சற்றே இடப்பக்கமுமாக, பெருமாள் மாட்டைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டே போக ஆரம்பித்தது. தியாகராய நகரில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் டை ராட் எண்டு இரண்டையும் மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. இன்னொரு பட்டறையில் ரேக் முழுவதையும் கழற்றிப் புதுப்பித்தார்கள். ஸ்டீரிங் கனமானது, குறை போகவில்லை. கடைசியில், எழுபதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, முன்பக்கம் குனியக்கூட இல்லாமல் நேரே வண்டியின் பின்பக்கம் போய்ப் படுத்தார். பின் ரேடியஸ் ராடின் புஷ் ஒன்று, கையால் பிடித்து அசைத்தால் அசையும் அளவுக்கு நைந்திருந்தது. "காலை எடுத்தா ஒரு பக்கம், அழுத்தினா ஒரு பக்கம்னா, அது பின்னாடி சமாசாரம் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய பணத்தையும் மாதங்களையும் எண்ணியே இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பின்சக்கரங்களை வேண்டுமென்றே திருப்பும் வண்டிகளும் உலகில் உண்டு. 1985இல் நிஸான் ஸ்கைலைனும், 1987இல் ஹோண்டா பிரெலூடும் இந்த முறையோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. பிரெலூடில் முன் ரேக்கிலிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியிலேயே ஓடிப் பின்னால் ஒரு பல்சக்கரப் பெட்டியைச் சேரும். ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் திசையிலேயே மிகச் சிறிது சாயும். அதற்கு மேலும் திருப்பினால் அவை நேருக்கு வந்து, பிறகு எதிர்த்திசையில் சாயும். வேகத்தில் செல்லும்போது நாம் ஸ்டீரிங்கைக் கொஞ்சமே திருப்புகிறோமாதலால் வண்டி நிலையாக நிற்கிறது. சந்தில் நிறுத்தும்போது நிறையத் திருப்புகிறோமாதலால் சிறிய வட்டத்தில் திரும்பிவிடுகிறது. மின்சாரக் கருவி ஒன்றுமின்றிப் பல்சக்கரங்களின் கணக்கினாலேயே இதைச் சாதித்தது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. அப்படிப்பட்ட வண்டி ஒன்று தங்கள் வசம் இருக்குமாயின் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்: முன் ஸ்டீரிங்கும் பின் பெட்டியும் இரண்டும் நேர்நிலையில் இருப்பதை உறுதிசெய்து அடையாளக் கோடு இடாமல் அந்த நடுத்தண்டைக் கழற்றவே கூடாது. ஒரு பல் தவறிப் பூட்டினாலும், முன்சக்கரம் நேராக நிற்கையில் பின்சக்கரம் சாய்ந்து நிற்கும். அதை டை ராடைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பது ஒரு தவற்றின்மேல் இன்னொரு தவற்றை ஏற்றுவதாகும். நம்மூரில் இவ்வகை வண்டி அபூர்வம். நம் தெருக்களில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளான அம்பாஸடர், பத்மினி, ஹெரால்டு ஆகிய மூன்றைப் பற்றியே மேலே சொல்கிறேன்.

இம்மூன்றில் ஹெரால்டு நமக்குச் சொந்த ஊர் வண்டி. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி உருவம் வரைந்து இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் வெளிவந்த இவ்வண்டியை, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தார் செய்தார்கள். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுத் திருப்பம் திரும்பிவிடும் இதன் சாமர்த்தியத்தை, கச்சேரி சாலையின் சந்துகளில் ஓட்டியவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் இதன் பின்பக்கம் மற்ற இரண்டைப் போன்றதன்று. அம்பாஸடரிலும் பத்மினியிலும் பின் ஆக்ஸில் ஒரே இரும்புக் குழலாய் இரண்டு ஸ்பிரிங் கட்டுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஹெரால்டிலோ ஒவ்வொரு பின்சக்கரமும் தன் தண்டோடு ஊஞ்சல்போல் தனித்தனியே ஏறி இறங்குகிறது. குறுக்கே கிடக்கும் ஒரே ஸ்பிரிங் கட்டு மேலிருந்து இரண்டையும் தாங்க, முன்னோக்கிச் செல்லும் ரேடியஸ் ராட் ஒன்றே சக்கரத்தை முன்பின் நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1972இல் இதே நிறுவனம் வெளியிட்ட கஸெல் வண்டியில் ஊஞ்சலைக் கைவிட்டு மற்றவர்களைப்போல் முழு ஆக்ஸிலையே வைத்தார்கள் என்பதிலிருந்து, இந்த ஏற்பாடு நம் சாலைகளில் எவ்வளவு கவனிப்பைக் கோரியது என்று ஊகிக்கலாம்.

குறையைக் கண்டுபிடிக்கும் வேலை பட்டறையில் தொடங்குவதன்று, சாலையில் தொடங்குவது. விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத அகலமான நேர்ச்சாலை ஒன்றில், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்று, கைகளை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துவிடாமல், பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், குறையற்ற வண்டியும் சற்று இடப்பக்கம் நகரவே செய்யும். அதை நோயென்று எண்ணிவிடக் கூடாது. சாலையின் நடுமுகட்டுக்கு வந்தும் அதே இழுப்பு இருந்தால்தான் குறை நிச்சயம். பிறகு மூன்று கேள்விகளை வண்டியிடம் கேட்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? அப்படியானால் ஸ்டீரிங்கைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்து, மறுபக்கத்தது பிடிக்கவில்லை என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு திசையும் விடும்போது எதிர்த்திசையுமாகப் போகிறதா? அது பின்சக்கரங்களின் செய்தி. காலின் வேலைக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா? டயரிலிருந்து ஆரம்பியுங்கள்.

டயர் விஷயத்தில் நீண்ட உபதேசம் வேண்டியதில்லை. காற்றைச் சரிபார்த்து, முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்; இழுப்பு பக்கம் மாறினால் குறை டயரிலேதான். ஹெரால்டுக்காரர்கள் மாத்திரம் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: முன் டயரில் காற்று குறைவாகவும் பின் டயரில் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டுமென்பது அந்த வண்டியின் விதி. பெட்ரோல் பங்கில் நான்கிலும் ஒரே அளவாக அடித்துத் தந்தால் வளைவுகளில் அதன் பின்பக்கம் நம்பகத்தை இழக்கிறது.

ஸ்டீரிங் வட்டு ஒரு பக்கம் கோணலாக நிற்க, வண்டி மட்டும் நேராகச் சென்றால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. பட்டறையில் இதைக் கண்டவுடன் வட்டைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகிவிடும், உள்ளே குறை அப்படியே இருக்கும். யாரும் டை ராடை இதற்குமுன் தவறாகத் திருகி வைக்கவில்லை என்றால், பின் ஆக்ஸில் இடம் பெயர்ந்து வண்டியைக் குறுக்காகத் தள்ளுகிறது என்றும், அதை ஈடுகட்ட முன்சக்கரங்கள் நிரந்தரமாகச் சற்றுச் சாய்ந்தே நிற்கின்றன என்றும் சந்தேகிப்பதே முறை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நண்டு ஒருச்சாய்ந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறோமே, அந்த நடைதான் இது. இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். வீட்டு வாசலில் இரண்டு குடம் நீரைக் கொட்டி, அதன்மேல் வண்டியை மெதுவாக, நேராக ஓட்டிச் சென்று, காய்ந்த தரையில் பதிந்த ஈரச் சுவடுகளைப் பாருங்கள். முன்சக்கரச் சுவட்டின் மேல் பின்சக்கரச் சுவடு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே ஒதுங்கியும் மறுபக்கம் வெளியே ஒதுங்கியும் இருந்தால், சந்தேகம் உறுதியாயிற்று.

அடுத்தபடி அளவெடுக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு ஒன்றும், இரும்பு டேப் ஒன்றும், கொஞ்சம் சுண்ணாம்புக்கட்டியும் போதும். சமதளத்தில் முன்சக்கரங்களை நேராக வைத்து வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி இடுங்கள். முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் ஹெரால்டில் 2,324 மில்லிமீட்டர், பத்மினியில் 2,340, அம்பாஸடரில் 2,464 இருக்க வேண்டுமென்பது நிர்மாணக் கணக்கு. இந்த எண்களை வைத்துக்கொண்டு மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இடப்பக்கத் தூரமும் வலப்பக்கத் தூரமும் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கண்டால், நான் அந்த வண்டியின் முன்பக்கத்தைத் தொடுவதற்கு முன் பின்பக்கத்தைச் சரிசெய்துவிடுவேன். ஹெரால்டை அளப்பவர்கள், அதற்குமுன் வண்டியை ஜாக்கியில் தூக்கியிருந்தார்களானால், இறக்கியவுடன் அளக்கக்கூடாது. தூக்கும்போது ஊஞ்சல் தண்டுகள் கீழே தொங்கி, சக்கரங்கள் அடியில் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. இறக்கிய பிறகும் டயர் தரையைப் பற்றிக்கொண்டு அப்படியே நிற்கும். வண்டியைச் சில கெஜம் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தைக் கையால் இரண்டு தடவை அழுத்தி விட்டால்தான் அது தன் இயல்பான நிலைக்கு வரும்.

அம்பாஸடரிலும் பத்மினியிலும் பின் ஆக்ஸில் நகர்ந்திருந்தால், ஸ்பிரிங் கட்டை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை முதலில் பாருங்கள். அவை தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்துவிட்டால், ஆக்ஸில் ஸ்பிரிங்கின் மேல் விருப்பம்போல் வழுக்கத் தொடங்கும். அறுந்த போல்ட் வெளியே தெரியாது. ஆனால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் தட்டுக்கும் இடையே துருவில்லாமல் பளபளக்கும் ஒரு கோடு தெரியும். இரும்பு இரும்போடு புதிதாக உராய்ந்ததற்கு அதுவே சாட்சி. ஸ்பிரிங்கின் முன்முனைப் புஷ்களையும் பின்முனைத் தொங்கல் பட்டைகளின் புஷ்களையும், ஒரு நீண்ட கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து அசைத்துப் பாருங்கள்.

ஹெரால்டில் பார்க்க வேண்டியது ரேடியஸ் ராடின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களையும், அதன் முன்முனை வண்டியோடு சேரும் இடத்தையும். அந்த இணைப்பில் மெல்லிய தகடுகள் செருகியிருக்கும்; அவற்றின் எண்ணிக்கையே பின்சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருப்பதைத் தீர்மானிக்கிறது. புஷ் மாற்றுகிற பையன் அந்தத் தகடுகளை வெறும் வாஷர் என்று நினைத்து வீசிவிட்டால் வண்டியின் போக்கே மாறிவிடும். ஆகையால் கழற்றுவதற்கு முன்பே எந்தப் பக்கம் எத்தனை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கங்களில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் அந்த இணைப்பைச் சுற்றியுள்ள இரும்பும் உளுத்திருக்கக் கூடும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பின் ஓசைக்கும் பொரிந்த இரும்பின் ஓசைக்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

பின்பக்கம் சரியென்று தெளிந்த பிறகே முன்பக்கத்துக்கு வர வேண்டும். இங்கே இரண்டு ஆட்கள் தேவை. வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்க, ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீரிங்கை இரண்டு விரற்கடை அளவு இப்படியும் அப்படியுமாக அசைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் கீழே ஒவ்வோர் இணைப்பின் மேலும் விரலைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையத் தாமதிக்கும் இணைப்பே தேய்ந்த இணைப்பு. கண்ணுக்குப் புலப்படாத ஆட்டம் விரலுக்குப் புலப்படும். சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டி வந்தால், இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தாமல் அடியில் படுக்காதீர்கள். செங்கல் அடுக்கின் மேல் நின்ற வண்டியின் கீழ் ஒருவரும் போகக்கூடாது.

இவ்வாறு பார்க்கும்போது ஹெரால்டிலும் அம்பாஸடரிலும் ரேக் அமைப்பும், பத்மினியில் வார்ம் பெட்டியும் இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். ஹெரால்டின் ரேக், ரப்பர்க் கட்டைகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் வருஷக்கணக்காக அந்த ரப்பரில் ஊறினால் அது களிபோல் இளகி, ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரத்துக்கு முன்பாக ரேக்கே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இதை ரேக்கின் தேய்மானம் என்று நினைத்துப் புது ரேக் வாங்கியவர்கள் உண்டு; நானும் அவ்வாறு ஏமாந்திருக்கிறேன். பத்மினியில் பிட்மன் ஆர்மும், எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்மும், அவற்றை இணைக்கும் ராடுகளும் ஆக இணைப்புகள் அதிகம். ஒவ்வொன்றிலும் சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் கூட்டிப் பார்க்கையில் ஸ்டீரிங் வட்டில் ஓர் அங்குலம் வந்துவிடும். பெட்டியைத் திருகிப் பார்க்கும் ஆசை வரும்போது ஐட்லர் ஆர்மின் புஷ்ஷை முதலில் பாருங்கள்.

திருகும் ஆசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்ம் பெட்டி, வண்டி நேராக ஓடும் நிலையிலேயே ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பதால் நடுவில் மட்டும் தேய்கிறது. ஓரங்கள் புதியனவாகவே இருக்கின்றன. நடுவில் ஆட்டம் போகும்வரை திருகினால், முழுத் திருப்பத்தில் பல்லோடு பல் இறுகிக்கொள்ளும். தியாகராய நகர் மேம்பாலத்தடியில் யூ திருப்பம் போடும் வேளையில் ஸ்டீரிங் இறுகி நின்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எனவே கால் சுற்றுத் திருகி, முன்சக்கரங்களைத் தூக்கி, இரு முனைவரை திருப்பிப் பார்த்து, எங்கும் இறுக்கம் இல்லையென்றால் மட்டுமே நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஆட்டம் மிஞ்சினால் மிஞ்சட்டும். ஆட்டத்தோடு கவனமாக ஓட்டலாம். இறுகிய பெட்டியோடு ஓட்ட முடியாது.

ஹெரால்டுக்காரர்கள் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பதானால், அது இந்தப் பத்தியாக இருக்கட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மறை வெட்டப்பட்டிருக்கிறது. அது டிரனியன் என்னும் பித்தளைக் கூட்டுக்குள் திருகி இறங்கியிருக்கிறது. நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த எஃகு மறை பித்தளை மறைக்குள் சுழல்கிறது. அதற்கு வேண்டியது எண்ணெய், கிரீஸ் அன்று. கியர் பெட்டிக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்தான் அதற்கு ஆகாரம். கிரீஸ் கன்னோடு வருகிறவர், நிப்பிளைக் கண்டவுடன் பழக்கத்தின் வேகத்தில் கிரீஸையே ஏற்றிவிடுகிறார். அது மறையின் இடுக்குகளில் ஏறாமல் அடியிலேயே தங்கி, நாளடைவில் கட்டியாகி, பின்னால் எண்ணெய் போட்டாலும் ஏறவிடாமல் வழியை அடைத்துவிடுகிறது. மறை வறள்கிறது, மழைநீர் புகுகிறது, எஃகு துருப்பிடிக்கிறது. முதலில் ஸ்டீரிங் கனமாகும். பிறகு திருப்பத்துக்குப் பின் நேருக்குத் திரும்ப மறுக்கும். கடைசியில் ஒருநாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக மெதுவாக முழுத் திருப்பம் திருப்பும்போது, தண்டே முறிந்து சக்கரம் மட்கார்டுக்கடியில் சாய்ந்து விழும். அதுவே வேகத்தில் நேர்ந்தால் உயிருக்கே அபாயம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஓடாமல் நிற்கும் வண்டியானால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, மேல்விளிம்பில் கசிந்து வரும்வரை எண்ணெய் ஏற்றுவது என் வழக்கம். முதல் தடவை வெளியே வருவது கறுத்த எண்ணெயா, செந்துருச் சேறா என்று பாருங்கள். துருவானால் எண்ணெயால் அதைக் குணப்படுத்த முடியாது; கழற்றிச் சுத்தம் செய்து, தண்டின் மறைக்கு மேலே உள்ள கழுத்தில் துருக்குழியோ விரிசலோ இருந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது இடப்பக்கத்துக்கு வேறு, வலப்பக்கத்துக்கு வேறு என்பதையும் மறவாதீர்கள். ஒன்றின் மறை இடஞ்சுழி, மற்றதன் மறை வலஞ்சுழி. பலவந்தமாக மாற்றி மாட்டினால் இரண்டும் கெடும்.

அம்பாஸடரிலும் திருப்பத்துக்குப் பின் ஸ்டீரிங் நேருக்கு வராததற்கு முதற்காரணம் கிங் பின்களின் வறட்சியே. அங்கே கிரீஸ்தான் வேண்டும்; பாரத்தைத் தூக்கி, சக்கரத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டே ஏற்ற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியே சொல்லாமல் விட மனம் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் அடையாறு பகுதியின் தாழ்ந்த தெருக்களிலும் எத்தனையோ வண்டிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் அதே காட்சியைக் கண்டோம். நீர் வடிந்ததும் எல்லோரும் எஞ்சினையும் இருக்கைகளையும் கவனித்தார்கள். ரேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே புகுந்த சேற்றுநீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு மாதங்களில் ஸ்டீரிங் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சொரசொரவென்று பிடிக்க ஆரம்பிக்கிறது. திருப்பும்போது ஒரே இடத்தில் மட்டும் தடை தட்டுமானால் ரேக்கில் துருவோ வளைவோ இருக்கிறது என்று கொள்ளலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் உறைகளைக் கழற்றி, நீரை வடித்து, புது உறை போடுவதும், நான்கு சக்கரத்துப் பேரிங்குகளையும் கழுவிப் புதிதாகக் கிரீஸ் வைப்பதும், பழுது தெரியும்வரை காத்திராமல் உடனே செய்யவேண்டிய வேலைகள். மந்தைவெளியிலும் லஸ்ஸிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் மெட்ரோ வேலைக்காகச் சாலைகள் திரும்பத் திரும்பப் பெயர்க்கப்பட்ட இந்த வருஷங்களில், உறை கிழிவது சாதாரண விஷயமாகிவிட்டது. மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது கஷ்டமன்று.

உதிரிப்பாகங்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. 1929இல் மோட்டார் வியாபாரமாகச் சென்னையில் தொடங்கிய ராணே நிறுவனம் பிற்காலத்தில் வேளச்சேரியில் ஸ்டீரிங் உறுப்புகளே செய்யலாயிற்று; டை ராட் எண்டு போன்ற தேய்பொருள்களை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாகவே வாங்கலாம். ஹெரால்டுக்கு வேண்டிய சில சாமான்களுக்குப் புதுப்பேட்டைக்குத்தான் போகவேண்டும். அங்கே கதவு, விளக்கு, ஸ்டீரிங் வட்டு எது வேண்டுமானாலும் பழையதாக வாங்குங்கள். ஆனால் செங்குத்துத் தண்டு, பால் ஜாயின்ட், ஸ்டப் ஆக்ஸில் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். எந்த விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து அது வந்தது என்பதை விற்பவராலும் சொல்ல முடியாது. முறிந்ததை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம், எவ்வளவு நெருங்கிய பழக்கமானாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

எல்லாம் மாற்றி முடித்த பின்பே அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். தேய்ந்த இணைப்பு ஒன்று மிஞ்சியிருந்தாலும் இயந்திரத் திரையில் தெரியும் எண்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். நான்கு சக்கரத்தையும் அளக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். பின்சக்கர அளவுகளை முதலில் கேளுங்கள். திரும்பி வந்து நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்த்து, ஸ்பிளிட் பின் போடவேண்டிய இடங்களில் புதுப் பின் இருக்கிறதா என்று கையால் தொட்டு உறுதிசெய்து, ரேடியஸ் ராடில் எந்தப் பக்கம் எத்தனைத் தகடு, தூக்குக் குண்டில் கிடைத்த தூரம் எவ்வளவு, எண்ணெய் ஏற்றிய தேதி என்ன என்பவற்றை நோட்டில் எழுதி, அந்த நோட்டை வண்டியின் டாஷ்போர்டு பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.